சபை மலருக்கு எட்டுப் பக்கம்

எட்டுப் பக்கம் போதும் என்றார்கள். எங்கள் ஆலயம் கட்டி 150 ஆண்டு நிறைகிறது, மலர் போடுகிறோம், வரலாற்றுப் பகுதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று சபைச் சங்கத்தார் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் தபால் துறையில் 34 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு படித்தவன் அல்ல. கையெழுத்து நன்றாக இருக்கும், விலாசம் தப்பாமல் எழுதுவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வீட்டில் சும்மா இருக்கிறவன் என்பதும் ஒரு தகுதிதான் போலும்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மயிலாடுதுறைக்கும் கடலுக்கும் நடுவே, வாய்க்காலும் வயலுமாக இருக்கும் சிறிய ஊர். ஞாயிறு ஆராதனைக்கு நூறு பேர் வந்தால் நல்ல கூட்டம். பெயரை மறைப்பதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் வரைவை இரண்டே நாளில் முடித்துவிட்டேன். முடியாமல் என்ன? எங்களுடையது லுத்தரன் சபை, மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டண்டு சபை. லுத்தரன் சபை மலர் எதை எடுத்தாலும் ஒரே வார்ப்புதான். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. 1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு 36 வயதில் மறைந்தார். அங்கிருந்து ஒரே தாவல். 1919 ஜனவரி 14: தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. மறுபடியும் ஒரு தாவல். இந்நாள் சபைகுருவின் படம், கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் பட்டியல், சுபம். நானும் அப்படியேதான் எழுதியிருந்தேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். தொண்ணூறை நெருங்குகிறவர். கண் மங்கிவிட்டது, காது கூர்மை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது தம்பி. இதில் நம்முடைய ஊர் எப்போது வரும்?” என்றார்.

அந்த ஒரு கேள்வி என்னை இரண்டு ஆண்டு அலைய வைத்தது. மலர் தள்ளிப்போனது. சங்கத்தில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். எங்கெங்கு தடுக்கி விழுந்தேன் என்பதைச் சொல்லி வைக்கிறேன். சிறிய ஊர்ச் சபைகள் பலவற்றில் இப்போது யாராவது ஒருவர் இதே எட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பார்.

பாட்டியிடமிருந்தே தொடங்கினேன். எடுத்த எடுப்பில், “நீங்கள் திடப்படுத்தல் எடுத்தது எந்த வருடம்?” என்று கேட்டேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்த பின் தன் விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதி செய்வதுதான் திடப்படுத்தல். அதைவிட மட்டமான கேள்வி இல்லை. அவருக்கு வருடம் தெரியாது. தெரியாதே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் கேள்வியை மாற்றினேன். “52 புயலுக்கு முன்னாலா, பின்னாலா?” உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “புயலடித்த வருடம் நான் பெரிய பிள்ளை. ஆலயத்துக்குள்தான் எல்லோரும் படுத்திருந்தோம். அடுத்த வருடம்தான் வெள்ளைத் தாவணி போட்டுப் பலிபீடத்துக்கு முன்னால் நின்றேன்.” 1953 தானாக வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் காலத்தை அளக்க நல்ல முளைகள் உண்டு: 1952 நவம்பர் புயல், 1977 நவம்பர் புயல், மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலம் (1926 முதல் 1986 வரை), 2004 டிசம்பர் 26. எந்த முளைக்கு முன், எந்த முளைக்குப் பின் என்று கேட்டால் போதும். ரயில் கட்டணம் எவ்வளவு என்பது வரைக்கும் வந்துவிடும்.

இன்னொன்றும் பிடிபட்டது. ஆட்களைப் பற்றிக் கேட்டால் புகழ்ச்சிதான் வரும். பொருள்களைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். “அந்தக் காலத்து உபதேசியார் எப்படிப்பட்டவர்?” என்று, குருவுக்குத் துணையாக வேதம் கற்பித்த ஊழியரைப் பற்றிக் கேட்டால் “தங்கமான மனிதர்”. “மணிக்கயிறு அறுந்தால் யார் வாங்கித் தருவார்கள்?” என்றால் ஒரு மணி நேரக் கதை. நற்கருணை அப்பம் எங்கே சுட்டார்கள், அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன முதல் பூசணிக்காயை எடுத்தது யார், ஆலயத்தில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசிக்கும்போது எழுந்து நின்று தடை சொன்னது யார். சபையின் வரலாறு இப்படிப்பட்ட சில்லறைகளில்தான் பதுங்கி இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களிடம் முதலில் போக வேண்டும். காகிதம் காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க முடியாது. நான் பட்டியல் போட்ட ஏழு பேரில் இரண்டு பேரை, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஒத்திப்போட்டே இழந்தேன்.

ஆனால் காகிதமும் எல்லாக் காலமும் காத்திருப்பதில்லை. இங்கே என் பாவ அறிக்கை. எங்கள் ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தையல் விட்டு உதிர்ந்த தாள் ஒன்று இருந்தது. பாதுகாக்கிறேன் பேர்வழி என்று அதைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தேன். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்குக்குள் குமிழ் விட்டது; மை பரவியது. 17 குழந்தைகளின் பெயர்கள் இருந்த பக்கம். இன்று ஒன்பதுதான் தெளிவாகத் தெரிகின்றன. கரையானும் மழையும் நூறு ஆண்டாகச் செய்யாததை நான் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டேன். பழைய தாளுக்கு லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், பசை வேண்டாம். தாளைத் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். முதலில் அட்டை, பிறகு வெற்றுப் பக்கத்தையும் விடாமல் ஒவ்வொரு பக்கமாக. படத்தின் பெயரிலேயே பதிவேடும் பக்க எண்ணும் இருக்கட்டும். ஒரு பிரதி சபைகுருவிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் யாராவது ஒரு பிள்ளையிடம். எல்லாவற்றுக்கும் முன்னால் சபைகுருவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவர் மாற்றலாகிப் போன பின் வருகிறவர் “யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?” என்று கேட்பார். எங்கள் சபையில் கேட்டார்.

படம் எடுத்தாயிற்று, படிக்க வேண்டுமே. தமிழ்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். பழைய கையெழுத்தில் புள்ளி கிடையாது. மெய்யா, உயிர்மெய்யா என்பதை நாமே ஊகிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. கால் போட்டிருக்கிறதா, ரகரம் நிற்கிறதா என்பது எழுதினவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே வெளிச்சம். ‘மாதா’ என்று நான் படித்து வைத்த ஒரு பெயர், பாட்டி சொன்ன பிறகு ‘மரதாள்’ ஆனது. மார்த்தாளைத்தான் எங்கள் பக்கம் அப்படி அழைத்திருக்கிறார்கள். ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் எழுதும் வடிவம் வீரமாமுனிவர் தந்தது. ஏலாக்குறிச்சியில் இருந்த அந்தச் சேசு சபைத் துறவி, தரங்கம்பாடி லுத்தரன்களைக் கண்டித்துக் காரசாரமாக எழுதியவர். அவர் திருத்திய எழுத்தில்தான் இன்று லுத்தரன் சபை மலர் அச்சாகிறது. இதை மலரில் சேர்த்தேன், சங்கத்தில் வெட்டிவிட்டார்கள்.

எண்களும் அப்படித்தான். பழைய வேதாகமத்தின் முதல் தாளில் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளைத் தமிழ் எண்ணில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. 1718 என்பதை ௲௭௱௰௮ என்று எழுதுவார்கள்: ஆயிரம், ஏழு நூறு, பத்து, எட்டு. ௮ என்பது அ போலவும், ௭ என்பது எ போலவும், ௰ என்பது ய போலவும் இருக்கும். என் சொந்தத் தாத்தாவின் வேதாகமத்தில் இருந்த ஒரு வரியை ஏதோ சுருக்கெழுத்து என்று நாற்பது ஆண்டாக நினைத்திருந்தேன். அது அவருடைய அக்காள் இறந்த தேதி.

பதிவேடு 1860களில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருந்ததைத் தேடித் தரங்கம்பாடிக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சிறு வயதில் ஜூலை 9 திருநாளுக்கு அழைத்துப் போவார்கள். கடற்கரை நினைவுச் சின்னம், டேனிஷ் கோட்டை, வேர்க்கடலை, வீடு. இந்த முறை 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் மெதுவாக நடந்தேன். ஒரே தெருவில் சில எட்டு இடைவெளியில் இரண்டு பழைய ஆலயங்கள். ஒன்று 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம்; இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. இன்னொன்று எங்கள் புதிய எருசலேம் ஆலயம். நான்கு கைகளும் ஒரே அளவான சிலுவை வடிவம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முடியும் முத்திரையும். உள்ளே பலிபீடத்துக்கு அருகே சீகன்பால்கின் கல்லறை.

அங்கே நின்றபோதுதான் என் வரைவில் இருந்த தப்புகள் ஒவ்வொன்றாக உறைத்தன. “தமிழ் லுத்தரன்களின் முதல் ஞானஸ்நானம் எருசலேம் ஆலயத்தில் நடந்தது” என்று எழுதியிருந்தேன். அந்த முதல் ஞானஸ்நானம் 1707 மே மாதம், டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது. தமிழருக்கென்று கட்டிய முதல் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனதே அந்த ஆண்டு ஆகஸ்ட் 14இல். ஞானஸ்நானம் நடந்தது எஜமானர்களின் ஆலயமான சீயோனில். அந்த முதல் எருசலேமும் இன்று நாம் பார்க்கும் எருசலேமும் வேறு. முதல் ஆலயம் போதாமல் போனபோது 1717 பிப்ரவரி 9இல் வேறிடத்தில் அடிக்கல் நாட்டி 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை செய்ததுதான் இப்போது இருப்பது. பெயர் ஒன்றாக இருந்தால் கட்டடமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஊர்ச் சபையிலும் இந்தச் சிக்கல் இருக்கும். “ஆலயம் கட்டிய ஆண்டு” என்று எழுதும் முன் எந்த ஆலயம், எந்த மனையில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ‘முதல்’ என்ற சொல்லின் மயக்கம். “ஆசியாவின் முதல் புராட்டஸ்டண்டு ஆலயம்” என்று எழுதியிருந்தேன். டச்சுக்காரர்கள் ஜாவாவிலும் இலங்கையிலும் அதற்கு முன்பே கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், அதே தெருவில் நிற்கும் சீயோனே 17 ஆண்டு மூத்தது! “முதல் தமிழ் அச்சுப் புத்தகம்” என்றும் எழுதியிருந்தேன். கொல்லத்தில் 1578லேயே கத்தோலிக்கர்கள் தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் வந்தது முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு. அது போதாதா? பொறையாற்றுப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் இருக்கிறது; மிஷன் அச்சகத்துக்காகக் காகிதம் செய்த இடத்தின் பெயர் ஊரின் வாயில் இன்னும் நிற்கிறது. எனக்கு என்னவோ, ‘முதல்’ என்ற பட்டத்தைவிட இந்தப் பெயர் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. என் வரைவில் 11 ‘முதல்’ இருந்தன. நான்கு தேறின.

தேதிகளில் இன்னொரு கண்ணி உண்டு. டென்மார்க் 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரைக்கும் மாறவில்லை. ஆகவே அந்த இடைக்காலத்தில் தரங்கம்பாடியில் எழுதிய கடிதமும், கடலூரிலோ சென்னையிலோ ஆங்கிலேயர் எழுதிய கடிதமும் ஒரே நாளைப் 11 நாள் வித்தியாசத்தில் குறிக்கும். பதில் கடிதத்தின் தேதி கேள்விக் கடிதத்துக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து, தபால்காரனாகிய நான் ஒரு வாரம் குழம்பினேன். தேதியை எடுக்கும்போது எந்தக் கொடியின் கீழ் எழுதியது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

பெரிய ஆவணங்கள் தேவைப்பட்டால் இரண்டு வழி. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், தரங்கம்பாடி மிஷனை ஆதரித்துவந்த பிராங்கே நிறுவனங்களின் காப்பகம் இருக்கிறது. மிஷன் கடிதங்களில் பலவற்றை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். பார்க்கலாமே தவிர, படிக்க முடிந்தால்தானே? அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்து மழையில் நனைந்த கோழி கிளறியது போல் இருக்கும்; இன்றைய ஜெர்மானியர்களே அதைத் தனியாகக் கற்கிறார்கள். அச்சான மிஷன் அறிக்கைகளும் பழைய எழுத்தில்தான், ஆனால் பழகிவிடும். நான் கற்றது இவ்வளவுதான்: “எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்று காப்பகத்துக்கு எழுதாதீர்கள். ஊர்ப் பெயரை ஐரோப்பியர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று பத்து விதமாக எழுதி, பத்தாண்டு இடைவெளியையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மாயவரம் மாயவரமாகவே கிடைக்காது.

அப்படித் தேடியபோதுதான் ஆரோன் ஐயர் எனக்கு அகப்பட்டார். அகப்பட்டார் என்பது தப்பு. எல்லா மலர்களிலும் ஒரு வரியில் இருக்கிறவர். கடலூர்க்காரர், பழைய பெயர் ஆறுமுகம், 1718இல் ஞானஸ்நானம் பெற்றார், 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்றார், 1745இல் இறந்தார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் காரியம் என்னவென்றால், டேனிஷ் எல்லை என்பது தரங்கம்பாடியும் சுற்றிச் சில ஊர்களும்தான். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அங்கே வெள்ளைக்காரர் இஷ்டம்போல் போய் ஊழியம் செய்ய முடியாத காலம். எங்கள் ஊர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அப்படியானால் எங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் யார்? படத்தில் தொப்பியும் அங்கியுமாக இருக்கிறவர்கள் அல்ல. ஆரோன் போன்றவர்களும் அவரைவிடப் பெயர் தெரியாத உபதேசிமார்களும்தான், வரப்பில் நடந்து. பாட்டியின் கேள்விக்கு முதல் பதில் அங்கே கிடைத்தது. நம்முடைய ஊர் எப்போது வரும் என்றால், தமிழன் நடக்கத் தொடங்கும்போது வரும்.

அந்த உபதேசிமார்களில் ராஜநாயக்கன் என்றொருவர். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், கத்தோலிக்கராக இருந்து வேதத்தைப் படித்துத் தரங்கம்பாடிக்கு வந்தவர், தஞ்சை நாட்டில் பல சபைகள் உருவாகக் காரணமானவர். 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் தடை. 1771இல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இதைப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், பாட்டியிடம் பொருள்களைக் கேட்கும் வழக்கப்படி, “அந்தக் காலத்தில் ஆலயத்தில் பெஞ்சு உண்டா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெஞ்சு பின்னால் வந்தது. முன்னால் பாய் இருந்தது. எல்லோருக்கும் இல்லை” என்றார்.

நான் ஊரின் பெயரை மறைப்பது இந்தப் பாய்க்காகத்தான். ஒரு பக்கத்தாருக்குப் பாய், இன்னொரு பக்கத்தாருக்கு வெறுந்தரை. தனித்தனி வாசல். நற்கருணைக் கிண்ணம் யாரிடம் முதலில் போகும் என்பதில் வரிசை. பாட்டியின் தாயார் தரையில் உட்கார்ந்தவர். என் தாத்தாவின் தகப்பனார் பாயில் உட்கார்ந்தவர். ஒரே தெருவில் அறுபது ஆண்டாக இருக்கிறோம், இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

எங்கள் சபை ஏன் லுத்தரன் சபை ஆனது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அது பெருமைப்படும் விடை அல்ல. தரங்கம்பாடி மிஷன் 19ஆம் நூற்றாண்டில் தேய்ந்துபோனது. ஹாலேயின் ஆதரவு வற்றியது. 1837இல் கேமரர் ஐயர் இறந்தபோது அந்தப் பழைய மிஷனரிகளின் வரிசை முடிந்தது. 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. துறைமுகமும் அலுவலகங்களும் நாகப்பட்டினத்துப் பக்கம் போய்விட, தரங்கம்பாடி சிறிய ஊராகச் சுருங்கியது. இதற்கிடையே 1841இல் கார்டஸ் ஐயர் வந்து சேர்ந்தார். பின்னால் லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்ற ஜெர்மன் லுத்தரன் சங்கம் அனுப்பியவர். அவர்தான் அணையப்போன விளக்கைத் தூண்டினார் என்று மலர்கள் சொல்லும். சரிதான். ஆனால் அதே காலத்தில் தஞ்சைப் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சபைகளில், பெரிய கொந்தளிப்பு. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். அதை ஏற்காத பலர் பின்னர் லைப்சிக் மிஷனிடம் வந்து சேர்ந்தார்கள். மிஷனின் இயக்குநராக இருந்த கிரால், 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் செய்தவர். சாதி என்பது சமூக வழக்கம், அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்காமல் காலத்தில் கரைய விட வேண்டும் என்ற கருத்துடையவர். மிஷனுக்குள்ளேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஓக்ஸ் ஐயர் அதற்காகவே லைப்சிக்கை விட்டு வெளியேறி, தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து வேலை செய்தார்.

எங்கள் ஊர்ப் பதிவேட்டின் தொடக்கப் பக்கங்களில் “வேறு சபையிலிருந்து சேர்ந்தவர்கள்” என்று ஒரு கூட்டமே இருக்கிறது. என் தாத்தாவின் தாத்தாவும் அதில் இருக்கிறார். சத்தியத்தைத் தேடி வந்தார்கள் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அவர்கள் பாயைத் தேடி வந்தார்கள் என்பதற்கே சாத்தியம் அதிகம்.

மலரில் எழுதலாமா? எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தேன். சங்கத்தில் ஒரு பெரியவர், “ஆறிப்போன புண்ணைக் கிளறாதே” என்றார். அவர் பாய்ப் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டியிடம் போய்க் கேட்டேன். “எழுது தம்பி. வீட்டுப் பெயர்களைப் போடாதே. அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்?” என்றார். கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து அந்தப் பகுதியை வாசித்தேன். வாதம் நடந்தது; ஒருவர் எழுந்து போய்த் திரும்பி வந்தார். நான்கு பத்தி ஒரு பத்தியானது. “அக்காலத்தில் இருக்கைகளில் வேறுபாடு இருந்தது” என்று வழவழவென்று ஒரு வாக்கியத்துக்கு நான் இணங்கினேன். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாய் என்ற சொல்லையாவது விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அச்சுக்கு முன் வாசித்துக் காட்டியது சரி. அச்சான பின் தெரிந்திருந்தால் சபை இரண்டாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, எழுதக் கூடாதவையும் பதிவேட்டில் உண்டு. யாரை எதற்காகச் சபை நீக்கம் செய்தார்கள், எந்தக் குழந்தையின் தகப்பன் பெயர் வெறுமையாக விடப்பட்டது என்பதெல்லாம் அங்கே இருக்கும். நூறு ஆண்டு ஆனாலும் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருப்பார்கள். அந்தப் பக்கங்களை நான் படம் எடுத்தேன், யாருக்கும் அனுப்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பும் பூசாதீர்கள். பொழுது சாய்ந்த பின் போய், டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத எழுத்து நிழலாக எழும்பும். பாம்புக்குத் தடி எடுத்துப் போங்கள். நான் எடுத்துப் போகாமல் ஒருநாள் ஓடியிருக்கிறேன்.

முதல் உலகப் போர்க் காலம் எளிதாக இருந்தது. ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கில அரசு காவலில் வைத்து நாட்டைவிட்டு அனுப்பியது. சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919இல் திருச்சபை தன் காலில் நின்றது. 1921இல் சுவீடன்காரரான ஹியூமன் முதல் பேராயரானார். 1956இல் ராஜா மாணிக்கம் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். இவை எல்லா மலரிலும் சரியாகவே இருக்கின்றன. நான் சேர்த்தது ஒன்றுதான். ஜெர்மன்காரர் போய்ச் சுவீடன்காரர் வருவதற்குள் எங்கள் ஊர் ஆலயத்துக்கு வெள்ளை அடித்த கணக்கு, ஒரு சின்ன நோட்டில், அணா பைசாவோடு இருந்தது. கையெழுத்து உபதேசியாருடையது. காசு கொடுத்தவர்களில் பாதிப் பேர் நெல்லாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போட்டோம். மலரில் மக்கள் விரலை வைத்துப் படித்த பக்கம் அதுதான். தங்கள் வீட்டுப் பெயரைத் தேடினார்கள்.

மலர் 26 பக்கமாக வந்தது. பாட்டிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவரை அடக்கம் செய்தோம்.

வெளியீட்டு விழாவுக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத ஒரு வயதானவர் வந்து என் கையைப் பிடித்தார். மலரில் தன் அப்பாயியின் பெயர் இல்லை என்றார். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஆலயத்தைப் பெருக்கினார்கள், சம்பளம் கிடையாது, சாகும்வரை பெருக்கினார்கள் என்றார். எப்போதிலிருந்து என்றேன். ரயில் வருவதற்கு முன்னாலிருந்தே என்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை நிறுத்தச் சொன்னார்.

“பெரிய றா இல்லை ஐயா, சின்ன ரா.”